மாமா நேராக்கிய பிஸ்டன்

பதினொரு வயதில், கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சரியாகக் கைகாட்டத் தெரிந்திருக்காது. ஆனால் படகின் பின்புறம் மாட்டி ஓட்டும் என்ஜினைப் பற்றி நாற்பத்தெட்டுப் பக்கம் தெரியும். அதில் பாதிக்கு மேல் மனப்பாடம். படகையும் பார்த்ததில்லை, என்ஜினையும் பார்த்ததில்லை. சிவகாசிப் பக்கம் இது ஒன்றும் விசித்திரம் அல்ல. பனியைப் பார்க்காதவர்கள் பனிமலைக் காலண்டர் அடித்தார்கள். கப்பல் ஏறாதவர்கள் கப்பல் கம்பெனிக்கு டைரி அடித்தார்கள். எழுத்து பிசகாமல், மை கலங்காமல், காகிதத்தின் மூலை மடங்காமல் போனால் போதும். உள்ளே என்ன சொல்லியிருக்கிறது என்பது அச்சடிக்கிறவர் பொறுப்பு அல்ல என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது.

என்ஜின் புத்தகம் மாமாவுக்கு வந்த ஆர்டர். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பன்னிரண்டு வருடம் பெரிய அச்சகம் ஒன்றில் காலண்டர் படங்களைத் திருத்துகிற வேலையில் இருந்தவர். பழைய சாமி படங்களில் கீறல் விழுந்திருக்கும், நிறம் வெளுத்திருக்கும், ஒரு கண் மற்றதைவிடச் சற்று இறங்கியிருக்கும். அதையெல்லாம் சரிசெய்து கொடுப்பது அவர் வேலை. அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கிரீடத்திலோ முகத்திலோ நன்றாக இருக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார். அதைச் சுத்தம் செய்வார். பிறகு அதையே கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பி, மறுபாதியாக ஒட்டிவிடுவார். அதனால்தான் அந்தக் காலத்துக் காலண்டர்களில் தெய்வங்கள் அத்தனை பேரும் தராசுத் தட்டு மாதிரி சமமாக இருந்தார்கள். அவர்களில் கணிசமானவர்களைச் சமமாக்கியது என் மாமா.

அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஓர் அறை பிடித்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பழசாக வாங்கிய மினி ஆஃப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின். கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, மளிகைக்கடை நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தூத்துக்குடியிலிருந்து இந்த ஆர்டர் வந்தது. கடல் ஊருக்குள் புகுந்து போனதற்கு மறுவருடம். கடற்கரைக் கிராமங்களுக்குப் புதுப் படகுகளும் அவற்றோடு புது என்ஜின்களும் நிறைய வந்திருந்தன. பழைய என்ஜின் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். இரண்டுமே டூ ஸ்ட்ரோக் என்ஜின்தான் என்றாலும் உள்ளமைப்பு வேறு. ஒன்றின் பாகத்தை இன்னொன்றுக்கு வாங்கிவிட்டு ஆட்கள் திண்டாடினார்கள். ஆகவே, உதிரிபாகம் விற்கும் கம்பெனி ஒன்று இரண்டு வகையையும் விளக்கித் தமிழில் ஒரு புத்தகம் போட நினைத்தது. இரண்டாயிரம் பிரதி.

எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்துக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. அம்மா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி வேனில் போனால் சாயங்காலம் நகக்கண்களில் வெள்ளிப்பொடி மின்ன வருவாள். எவ்வளவு தேய்த்தாலும் அது முழுதாகப் போகாது. சோற்றைப் பிசைந்து தரும்போது அந்த நகங்களை நான் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன். மாமா அம்மாவிடம் ஒன்று சொல்லியிருந்தார். இந்தப் புத்தகம் நல்லபடியாகப் போனால் கம்பெனிக்காரர்கள் உதிரிபாகப் பட்டியலையும் தம்மிடமே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது வருடம் முழுக்க ஓடும் வேலை. அப்போது மடிக்கவும் தைக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அம்மாதான். அப்பா விருதுநகர் மிளகாய் மண்டியில் லோடுமேன். வாரம் ஒருமுறை வருவார். அவருக்கும் இதில் சம்மதம். அம்மா மட்டும் அவசரப்படவில்லை. மொதல்ல புத்தகம் போகட்டும்லே, பெறகு பாப்போம் என்றாள்.

நான் அந்தப் புத்தகத்துக்குப் பிழைதிருத்துநர். சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் மாமாவின் அறைக்குப் போவேன். கம்பெனி கொடுத்த கையெழுத்துப் பிரதியை நான் உரக்கப் படிப்பேன். மாமா அச்செடுத்த தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். புள்ளி, கால்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படித்தான் பத்தொன்பதாம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். அதன் தலைப்பு 'குறுக்கோட்ட முறையும் சுழலோட்ட முறையும்'. மொழிபெயர்த்தவர் நல்ல தமிழ் படித்தவராக இருக்க வேண்டும். எனக்கும் மாமாவுக்கும் இரண்டுமே ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் இப்படி ஒரு வரி வரும்: 'பிஸ்டன் தலையின் செங்குத்தான பக்கம் எரிபொருள் நுழையும் வழியை நோக்கியும், சரிவான பக்கம் புகை வெளியேறும் வழியை நோக்கியும் இருக்குமாறு பொருத்தவும்.' இதில் 'பொருத்தவும்' என்பதை மாமா 'பொறுத்தவும்' என்று அடித்திருந்தார். நான் கண்டுபிடித்தேன். மாமா என்னை மெச்சினார்.

அந்த மெச்சலின் சூட்டில்தான் நான் படத்தைப் பார்த்தேன். கம்பெனி கொடுத்தது நகலின் நகலாக வந்த ஒரு கோட்டுப்படம். இரண்டு பிஸ்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றின் தலை தட்டையாக, ஒழுங்காக இருந்தது. மற்றதன் தலையில் ஒரு மேடு. அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்த மேடு. யாரோ மேலே உட்கார்ந்து நசுக்கியது போல இருந்தது. மாமா, இது கோணலா இருக்கு என்றேன்.

மாமா குனிந்து பார்த்தார். நகல் எடுக்கும்போது காகிதம் இழுத்திருக்கும் என்றார். பன்னிரண்டு வருடப் பழக்கம் கையில் இருந்தது. மேட்டின் நல்ல பாதி எது என்று பார்த்தார். சரிந்து இறங்கும் பக்கத்தின் கோடுதான் தெளிவாக இருந்தது. அதை எடுத்தார், சுத்தம் செய்தார், திருப்பினார், ஒட்டினார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் சரிந்து இறங்கும் அழகான ஒரு குன்று பிஸ்டனின் தலையில் உட்கார்ந்தது. இப்ப லெச்சணமா இருக்கா என்று கேட்டார். இருந்தது.

புத்தகம் அச்சாகி, மடித்து, பின் அடித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைத்திருந்த சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி ஆள் வந்தார். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு மெக்கானிக். கருத்த, ஒல்லியான உடம்பு. தோளில் கனமான ஒரு ரெக்சின் பை. திங்கட்கிழமை காலையில் கடற்கரையில் ஒரு பெரிய கூட்டம். இருபது ஊர் ஆட்கள் வருகிறார்கள். அங்கே புத்தகம் கொடுக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று வரும்போதே சொன்னார். மாமா டீ வாங்கப் போன இடைவெளியில் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். என்ன படிக்கிறாய், அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரிந்துதான் இருந்தது.

மாமா வந்தார். மெக்கானிக் ஒரு கட்டைப் பிரித்து மேலாக இருந்த புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனவர் பத்தொன்பதில் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"அண்ணே, இது என்னது?"

பிஸ்டன் என்றார் மாமா.

"பிஸ்டனா. நான் கோபுரம்னுல்ல நெனச்சேன். உச்சியில ஒரு கலசத்த வச்சிட்டீகன்னா கும்பாபிஷேகத்தையே முடிச்சிரலாம்."

மாமா சிரிக்க முயன்றார். படம் சுத்தமாகத்தானே இருக்கிறது, அதில் என்ன குறை என்று கேட்டார். சுத்தமாக இருப்பதுதான் குறை என்றார் மெக்கானிக். பிறகு, கடலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். மாமா, விருதுநகர் மண்டியில் மூட்டை மூட்டையாகக் கடலை பார்த்திருக்கிறேன் என்றார். நெருக்கடியில் இப்படி ஏதாவது சொல்வது அவர் வழக்கம். மெக்கானிக் சிரிக்கவில்லை. பையைத் திறந்து இரண்டு இரும்புச் சாமான்களை எடுத்து மேஜையில் வைத்தார். இரும்பு அல்ல, அலுமினியம் என்று பிறகு சொன்னார். ஊர் ஊராகப் போய்க் காட்டுவதற்காக வைத்திருந்த இரண்டு பழைய பிஸ்டன்கள். கரி படிந்து, ஓரம் தேய்ந்து இருந்தன. ஒன்றின் தலை தட்டை. மற்றதன் தலையில் ஒரு மேடு. ஒரு பக்கம் மதில் மாதிரி நிமிர்ந்து ஏறி, மறுபக்கம் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. நாங்கள் நேராக்குவதற்கு முன்னால் படத்தில் இருந்த அதே கோணல்.

நான் மேஜையை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

மெக்கானிக் விளக்கத் தொடங்கினார். மாமாவுக்குத்தான் சொன்னார், நானும் கேட்டேன். இந்த என்ஜினுக்குத் திறந்து மூட வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல் மாதிரி ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது அதுவே கதவு மாதிரி அந்த ஜன்னல்களைத் திறக்கும், மூடும். பிஸ்டன் கீழே இறங்கிய ஒரு நொடியில், புகை போகிற ஜன்னலும் புது எரிபொருள் வருகிற ஜன்னலும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். பழைய புகையைப் புது எரிபொருள்தான் தள்ளி வெளியேற்ற வேண்டும். வேறு ஆள் கிடையாது. பழைய மாடலில் அந்த இரண்டு ஜன்னலும் எதிர் எதிரே இருக்கும். அதுதான் கிராஸ் ஃப்ளோ. புத்தகத்தில் குறுக்கோட்டம் என்று போட்டிருப்பது அதைத்தான்.

எதிர் எதிரே இருந்தால் என்ன என்றார் மாமா. இந்தப் பக்கம் வந்தது நேராக அந்தப் பக்கம் போய்விடும் என்றார் மெக்கானிக். புகை சிலிண்டரின் மேல்பாகத்திலேயே தங்கிவிடும். எரியாத மண்ணெண்ணெய் கடலுக்குப் போய்விடும். அதனால் பிஸ்டன் தலையில் ஒரு மதில். வருகிற எரிபொருள் மதிலில் முட்டி மேலே ஏறும், கூரையைத் தொடும், அந்தப் பக்கமாக இறங்கும். இறங்கும்போது புகையை வெளியே தள்ளும். மதில் வருகிற வழியைப் பார்க்க வேண்டும்; சறுக்கு போகிற வழியைப் பார்க்க வேண்டும். பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் எரிபொருள் சறுக்கில் ஏறி நேராக வெளியே ஓடிவிடும். என்ஜின் இருமும், இழுக்காது. ரோட்டில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம், நடுக்கடலில் ஒதுங்க மரத்தடியா இருக்கிறது என்று கேட்டார். ரெண்டு பக்கமும் சறுக்கு இருக்கிற இந்தப் படத்தைப் பார்த்து ஒருவன் எப்படிப் பொருத்துவான் என்றும் கேட்டார்.

மாமா புரிகிறது என்றார். அவர் அப்படிச் சொன்ன விதத்தில் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அம்மா வந்தாள். சனிக்கிழமை கம்பெனியில் சம்பள நாள், சீக்கிரமே விட்டுவிடுவார்கள், என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள். கையில் தூக்குவாளி, நகங்களில் வெள்ளி. அக்கா பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறார் என்று மாமா அறிமுகம் செய்தார். மெக்கானிக் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கட்டிங் மெஷின் பக்கமாக நகர்ந்துகொண்டேன்.

இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று கேட்டாள். மெக்கானிக் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அம்மா கோணல் பிஸ்டனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மதில் வரைக்கும் வந்ததும் அவரை நிறுத்தினாள்.

"எங்க ரூம்லயும் இதே கததான். இந்த வாசல்ல நொழையிற காத்து நேரா அந்த வாசல்ல போயிரும். மூலையில கெடக்கிற மருந்து வாட அங்கனயே கெடக்கும். காலிப் பெட்டிய எடுத்து நடுவுல அடுக்குனா காத்து முட்டி மேல ஏறி, வாடையத் தள்ளிக்கிட்டுப் போகும். ஆபீசர் வந்தா மட்டும் பெட்டிய எடுத்துருவோம்."

பட்டாசு அறைக்கு வாசல்கள் எதிர் எதிரே இருக்க வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஓட வேண்டி வந்தால் ஓடுவதற்காக. அதை அம்மா விளக்கவில்லை. மெக்கானிக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்திருக்க வேண்டும். அவர் குரல் மாறியது.

"நீங்க எங்கன உக்காருவீக அக்கா?"

"மூலையில" என்றாள் அம்மா. பிறகு, மத்த பிஸ்டனுக்கு மதிலக் காணமே, அது எப்படித் தள்ளும் என்று கேட்டாள்.

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. அதில் நான் சிலிண்டரின் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதும் மேல் மூலையில் பென்சிலால் கருப்படித்து, 'புகை தங்கும் இடம்' என்று எழுதிக்கொண்டேன்.

தட்டைத் தலைப் பிஸ்டனின் கதையை மெக்கானிக் இப்போது அம்மாவுக்குத்தான் சொன்னார். அதில் எரிபொருள் வரும் ஜன்னல்கள் எதிரே இல்லை. புகை ஜன்னலுக்கு இரண்டு பக்கத்திலும், அதை ஒட்டினாற்போல இருக்கும். ஆனால் இரண்டும் புகை ஜன்னலைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். இரண்டு வழியாகவும் வருவது போய் எதிர்ச் சுவரில் ஒன்றுசேரும். சுவரோடு ஏறும். கூரையில் திரும்பும். புகையைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கும். ஒரு வளையம். அதுதான் லூப் சார்ஜ், புத்தகத்தில் சுழலோட்டம். கையைச் சுழற்றிக் காட்டினார்.

"அப்ப இவன் பெட்டிய அடுக்கல" என்றாள் அம்மா. "வாசலயே திருப்பி வச்சிட்டான்."

மெக்கானிக் சுழற்றிய கையை இறக்கினார். மூன்று மாதமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிவதாகவும், இவ்வளவு வெரசாக யாரும் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். அம்மா பிஸ்டனைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மாமா மெதுவாக, ரெண்டில் எது நல்லது என்று கேட்டார். மெக்கானிக் அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன் என்றார். லூப்பு குறைவாகக் குடிக்கும், வேகம் பிடித்தால் நன்றாக இழுக்கும். பிஸ்டனில் மதில் இல்லாததால் கனமும் குறைவு, சூடும் குறைவு. ஆனால் வலையை இழுக்கும்போது படகை மெல்ல நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். அதற்குப் பழைய கிராஸ் ஃப்ளோ பூனை மாதிரி முனகிக்கொண்டு கிடக்கும். அதனால் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் முட்டாள்கள் அல்ல. தெரிந்து வைத்திருக்க வேண்டியது, எது எது என்பதுதான். அதைச் சொல்லத்தான் இந்தப் புத்தகம். அதில்தான் படம் இப்படி.

யார் இதை நேராக்கியது என்று கேட்டார்.

நான்தான் என்றார் மாமா. என் பேச்சையும் எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் எடுக்கவில்லை. கோணலா இருக்குன்னு சொன்னது நான் என்றேன். மெக்கானிக் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒங் கண்ணு சரியாத்தான் இருக்கு தாயி. அது கோணலாத்தான் இருக்கணும்."

அன்று அந்த அறையில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் புத்தகத்தை இப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். எடுத்துப் போகாமல் வெறுங்கையோடு போனால், கம்பெனியில் அடுத்த வேலையை மதுரைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதையும் மறைக்கவில்லை. திரும்ப அடிக்கத் தாள் இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, பேப்பர் கடையும் அச்சு பிளேட் போடும் இடமும் திறக்காது. இரண்டாயிரம் புத்தகமும் பின் அடித்து ஓரம் வெட்டியாகிவிட்டது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசித்துக்கொண்டிருந்தது புத்தகத்தை அல்ல என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

அம்மாதான் சொன்னாள்.

"ஏலே தம்பி, சிட்டை ஒட்டுற மாதிரி ஒட்டிருவோமா?"

சிட்டை என்றால் தீப்பெட்டி மேல் ஒட்டும் படச்சீட்டு. இந்தப் பக்கத்தில் சிறுமியாக இருக்கும்போது சிட்டை ஒட்டாத பெண் அந்தத் தலைமுறையில் கிடையாது. சரியான படத்தைச் சின்னச் சீட்டாக அடித்து, தப்பான படத்தின் மேல் ஒட்டிவிடலாம் என்றாள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒட்டுப்போட்ட புத்தகத்தையா முதல் ஆர்டராகக் கொடுப்பது என்றார். மெக்கானிக் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஈரக்கையோடு தொட்டால் பிய்ந்து வந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். அம்மா அதற்குப் பதில் சொல்லும் அவசியம் இருப்பதாகவே நினைக்கவில்லை. பசை காய்ச்ச மைதாவும் மயில்துத்தமும் எவ்வளவு வேண்டும் என்று மாமாவிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

மாமா உடனே படம் வரைய உட்கார்ந்தார். பிஸ்டனைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தார். காலண்டரில் எத்தனையோ நுணுக்கமான கிரீடங்களைச் செய்த அந்தக் கை, ஒரு கோணல் மேட்டுக்கு அவ்வளவு பாடுபட்டது. மதிலை வரைவார், அதைச் சற்றுச் சாய்த்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக், அண்ணே நிமித்துங்க, இன்னும் நிமித்துங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் படம் வந்தது. பார்க்க லட்சணமாக இல்லை. சரியாக இருந்தது. அவசர வேலைக்கென்று மாமா ஆஃப்செட் மெஷினுக்கான காகித பிளேட் வைத்திருந்தார்; சீட்டுக்கு மிச்சத் தாள் போதும். ஒரு தாளில் எத்தனை படம் அடங்குமோ அத்தனையையும் அடுக்கி, அதில் அடித்து, வெட்டி வைத்தார்.

மறுநாள் காலையில் அம்மா, கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் நீலம் பாரித்த பசைச் சட்டி. சீட்டை எடுப்பதும் பசை தொடுவதும் ஒட்டுவதும் மூன்று வேலையாகத் தெரியவில்லை. கை ஒருமுறை போய்வந்தது, அவ்வளவுதான். பேச்சு அது பாட்டுக்கு நடந்தது. அவர்களில் வயதான அத்தை ஒருத்தி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது எந்தூருச் சாமிடி? மூக்கு ஒரு பக்கமா இழுத்துருக்கு."

அம்மா பசைக்கையை நீட்டி விளக்கினாள். ஒரு கையைச் சிலிண்டராக்கி, மறுகையைப் பிஸ்டனாக்கி ஏற்றி இறக்கினாள். நம்ம ரூம்ல பெட்டி அடுக்குறோம்ல, அதான் என்றாள். மூன்று பேருக்கும் உடனே விளங்கிவிட்டது. மாமா மெஷினுக்குப் பின்னாலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் அப்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். என் வேலை, ஒட்டிய புத்தகங்களைச் சரிபார்ப்பது. முதல் நூறில் முப்பது தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தன. அம்மா விளக்குவதற்கு முன் அந்த அத்தை அதைப் பானை என்று நினைத்து, குழிந்த பக்கம் மேலே வர ஒட்டியிருந்தாள். ஈரம் காயுமுன் உரித்துத் திருப்பினோம். வெயில் உச்சிக்கு வந்து சாய்வதற்குள் இரண்டாயிரமும் முடிந்தது.

மெக்கானிக் சாயங்காலம் வந்தார். நடுவில் அடுக்கியிருந்த கட்டு ஒன்றிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்து, டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து, சீட்டின் மேல் வைத்துத் தேய்த்தார். நகத்தால் ஓரத்தை நிமிண்டினார். வரவில்லை. இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். கட்டுகளை ஆட்டோவில் ஏற்றும்போது அம்மாவிடம், வரேன்க்கா என்று தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. மாமா மறுபடி பில் புக்கு அடித்தார். அம்மா வேனில் போனாள், வந்தாள். பிறகு ஒரு நாள் தூத்துக்குடியிலிருந்து பார்சல் வந்தது. உதிரிபாகப் பட்டியல். இருநூறுக்கு மேல் படங்கள். போல்ட்டு, வாஷர், விசிறி, எதையும் விடாமல் ஒவ்வொரு படத்தின் கீழும் சிவப்பு மையில் 'நேராக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. மாமா அதை வாசித்துவிட்டு, வாஷர் ஏற்கெனவே வட்டமாத்தானே இருக்கு என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மாதம் முதல் தேதி அம்மா வேனுக்குப் போகவில்லை. என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு மாமாவின் அறைக்கு வந்தாள். அன்று பள்ளி அரை நாள்தான். காலையெல்லாம் அறையை ஒழித்ததில், மத்தியானம் நான் போனபோது அவள் இன்னும் மடிக்கும் வேலையைத் தொடங்கவில்லை. மாமா அவளுக்கென்று மேஜையும் நாற்காலியும் ஒரு மூலையில் போட்டிருந்தார். வெயில் படாத, தாள் பறக்காத, மடிக்கிற வேலைக்குத் தோதான இடம். அம்மா அதில் உட்காரவில்லை. கட்டிங் மெஷின் கழித்துப்போட்ட மெல்லிய காகித நறுக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, நறுக்கை முகத்துக்கு நேரே தொங்கவிட்டுப் பார்த்தாள். மூலையில் அது அசையவில்லை. வாசலுக்கு நேரே சற்று ஆடியது. இரண்டு ஜன்னலுக்கும் இடையில் போனபோது எழும்பிச் சுழன்றது. அந்த இடத்தில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேஜையை அங்கே இழுத்துப் போட்டாள். தாள் பறக்குமே அக்கா என்று மாமா சொன்னதற்கு, மேலே ஒரு கல்லை வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

நான் சிரித்தேன். அம்மாவுக்கு இன்னும் அந்த என்ஜின் விளையாட்டு தீரவில்லை என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பள்ளித் தோழி ஒருத்தியிடம், எங்கள் அம்மா லூப் சார்ஜைத் தனியாகவே கண்டுபிடித்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். அதற்கு முந்திய ஒன்பது வருடம் அம்மா எந்த மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்தாள் என்று தோழியும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.